ஊறிக்கொண்டு மட்டும் இருக்கும் கிண்ணம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். செயற்கை மூட்டுகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் என்பதால் இதை உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

என் அப்பாவுக்கு 68 வயது. வலது இடுப்பு மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆகவேண்டும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப் போனபோது, ஓர் ஆய்வில் சேரச் சம்மதமா என்று மருத்துவர் கேட்டார். புதுவகைப் பூச்சு கொண்ட மூட்டு ஒன்று வந்திருக்கிறதாம். சேருகிறவர்களில் பாதிப்பேருக்கு அது. மீதிப்பேருக்கு இப்போது எல்லாருக்கும் வைக்கும் வழக்கமான மூட்டு. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோலக் கணினி முடிவு செய்யுமாம். எது வைத்தோம் என்று அப்பாவிடம் சொல்லமாட்டார்களாம். போதாததற்கு எலும்புக்குள் சின்னச் சின்ன உலோக மணிகள் வேறு வைப்பார்களாம். 14 பக்கத்தில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு முறை வாசித்துவிட்டேன்.

எனக்குக் கோபம்தான் வருகிறது. என் அப்பா என்ன சோதனை எலியா? புதியது நல்லது என்றால் எல்லாருக்கும் வைக்கட்டும். நல்லதா என்று தெரியாது என்றால் மனிதர் உடம்பில் ஏன் வைக்கவேண்டும்? ஆய்வகத்திலேயே முழுமையாகச் சோதித்துவிட முடியாதா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

எம்.
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள எம்.,

ஆய்வகத்திலேயே சோதித்துவிட முடியாதா என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முடியாது. அந்த இயந்திரத்தின் பக்கத்தில் பல ஆண்டுகள் நின்றவன் என்பதால் தயங்காமல் சொல்கிறேன்.

அதை இடுப்பு மூட்டு சிமுலேட்டர் என்போம். செயற்கை இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணமும் அதற்குள் திரும்பும் ஒரு பந்தும்தான். இயந்திரத்தில் வரிசையாகக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து. உடம்பின் சூட்டில் வைத்த கன்றுக்குட்டி சீரத்தில் (இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர்) அவை மூழ்கியிருக்கும், ஏனென்றால் மூட்டுக்குள் ஊறும் நீருக்கு ஓரளவு நெருங்கி வருவது அதுதான். நாம் நடக்கும்போது இடுப்பில் பாரம் ஏறி இறங்குவதுபோலவே இயந்திரமும் அழுத்தித் திருப்பும். நொடிக்கு ஒரு நடை. பத்து லட்சம் நடை என்பது ஏறத்தாழ ஒருவர் ஓர் ஆண்டு நடப்பதற்குச் சமம் என்று கணக்கு. 50 லட்சம் நடையாவது ஓட்டிப் பார்க்கவேண்டும். நிறுத்தாமல் ஓடினாலே 58 நாள். ஆனால் இடையிடையே நிறுத்திக் கிண்ணத்தை எடுத்து, கழுவி, உலர்த்தி எடை போட்டாகவேண்டும் என்பதால் மாதக்கணக்கில் இழுக்கும். கெட்டுப்போன சீரத்தை மாற்றும் நாளில் சட்டையில் ஏறும் வாடை வீடுவரைக்கும் கூடவே வரும்.

அந்த வரிசைக்குப் பக்கத்தில், தனியாக, இன்னொரு கிண்ணம் இருக்கும். அதே பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், அதே தயாரிப்பு, அதே சீரம், அதே சூடு. ஆனால் அது நடக்காது. ஊறிக்கொண்டு மட்டும் இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, இது எதற்கு வெட்டியாக இங்கே இருக்கிறது என்றுதான்.

காரணம் எளிது. பிளாஸ்டிக் கொஞ்சம் நீரைக் குடிக்கும், எடை கூடும். தேய்ந்தால் எடை குறையும். நல்ல பொருளில் தேய்மானம் அவ்வளவு குறைவு என்பதால், குடித்த நீர் தேய்ந்த எடையை மூடி மறைத்துவிடும். பத்து லட்சம் நடை நடந்த கிண்ணம் முன்பைவிடக் கனமாக இருக்கும்! ஊறிய கிண்ணம் எவ்வளவு கூடியது என்று பார்த்து அதைக் கழித்தால்தான் உண்மையான தேய்மானம் வெளியே வரும். கழிக்காமல் விட்டால், நடக்க நடக்கக் கிண்ணம் வளர்கிறது என்று எழுதவேண்டியிருக்கும்.

உங்கள் அப்பா சேரப்போகும் ஆய்வில் வழக்கமான மூட்டு வைத்துக்கொள்ளும் பாதிப்பேர் செய்வது அந்தக் கிண்ணத்தின் வேலையைத்தான். இடுப்பு மாற்றிக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு வலி போய்விடும், நடை திரும்பும், தூக்கம் வரும். பூச்சு இருந்தாலும் அப்படித்தான், இல்லாவிட்டாலும் அப்படித்தான். எல்லாருக்கும் புதியதையே வைத்தால் அத்தனை நன்மையும் பூச்சின் கணக்கில் ஏறிவிடும். எது பூச்சால் வந்தது, எது அறுவை சிகிச்சையால் மட்டும் வந்தது என்று அதன்பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் கிண்ணம் சும்மா ஊறிக்கொண்டிருந்தது. அந்தப் பாதிப்பேருக்கோ சிகிச்சையில் எந்தக் குறையும் வைப்பதில்லை. ஆய்வில் சேராவிட்டால் என்ன கிடைக்குமோ அதே மூட்டுதான் அவர்களுக்கு.

சரி, இயந்திரத்தில் இவ்வளவு கவனமாகப் பார்த்தபிறகு மனிதர் எதற்கு? இயந்திரத்தில் கிண்ணம் எப்போதும் சரியான சாய்வில் இருக்கும். பந்து எப்போதும் நடுவில் உட்காரும். இயந்திரம் கால்மேல் கால் போடாது, தடுக்கி விழாது, தாழ்ந்த நாற்காலியிலிருந்து கைப்பிடியை ஊன்றி எழுந்திருக்காது. உடம்பில் கிண்ணம் சில பாகை செங்குத்தாக அமைந்துவிட்டால் போதும், பாரம் முழுக்க விளிம்பில் இறங்கும்.

ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டுக்கு இதுதான் நடந்தது. பந்து, கிண்ணம் இரண்டுமே கோபால்ட் குரோமியம். உலோகத்தோடு உலோகம் உரசினால் தேய்மானம் குறைவு என்பது எண்ணம், இயந்திரத்திலும் அது நன்றாகவே ஓடியது. 2003இல் விற்பனைக்கு வந்தது. 2010 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டபோது உலகமெங்கும் ஏறத்தாழ 93,000 பேர் உடம்பில் அது இருந்தது. ஐந்தே ஆண்டில் எட்டுப் பேரில் ஒருவருக்கு மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. கிண்ணத்தின் ஆழம் குறைவு என்பதால் விளிம்பில் உரசல், உரசலால் உலோகத்தூள், தூள் பட்ட இடத்தில் தசை செத்துப்போனது. ஏற்கெனவே சந்தையில் இருந்த மூட்டுகளோடு ஒத்திருக்கிறது என்ற அடிப்படையிலேயே அதன் ஒரு வடிவம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உங்கள் அப்பாவிடம் கேட்டதுபோல ஓர் ஆய்வுக்கு அங்கே யாரும் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை.

எம்., இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த 93,000 பேரில் யாரையும் எவரும் சோதனை எலி என்று சொன்னதில்லை. ஆனாலும் சோதனை அவர்கள் உடம்பில்தான் நடந்தது, அதுவும் ஒப்பிட ஆள் இல்லாமல், நாள் குறித்து அளக்க ஏற்பாடில்லாமல். கோளாறை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு, யாருக்கு எந்த மூட்டு வைத்தார்கள், எப்போது மாற்றினார்கள் என்று குறித்துவைக்கும் மூட்டுப் பதிவேடுகளுக்கு. அதற்குள் அத்தனை பேர் நடந்துவிட்டார்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது போய்ச் சேரவேண்டிய இடம் அந்த 14 பக்கத் தாள் அல்ல, அப்படியொரு தாள் இல்லாமலே உடம்புக்குள் போன மூட்டு.

இப்போது அந்த உலோக மணிகள். நீங்கள் பயப்படுவது அதற்குத்தான், எனக்கு இந்த ஆய்வின்மேல் நம்பிக்கை வருவதும் அதனால்தான். அவை டான்டலம் என்ற உலோகத்தால் ஆனவை, ஒரு மில்லிமீட்டர் அளவோ அதற்கும் குறைவோ இருக்கும். உடம்பு அவற்றைப் பொருட்படுத்தாது. எலும்பில் அவை அசையாப் புள்ளிகள். ஒரே நேரத்தில் இரண்டு கோணங்களிலிருந்து எக்ஸ்ரே எடுத்து, மணிகளுக்கும் மூட்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கணக்கிடுவார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் கண்ணுக்கே தெரியாத, மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்கு நகர்வுகூட இதில் தெரிந்துவிடும். முதல் இரண்டு ஆண்டில் நகர்ந்துகொண்டே இருக்கும் மூட்டு பிற்பாடு தளர்ந்துபோகும் வாய்ப்பு அதிகம். அதாவது பத்தாண்டு கழித்துத் தெரியவேண்டிய கெட்ட செய்தியின் அறிகுறி இரண்டே ஆண்டில், சில பத்துப் பேரை வைத்தே தெரிந்துவிடும்.

இது இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஜான் சார்ன்லியின் கதையே போதும். இன்றைய இடுப்பு மூட்டுக்கு அடித்தளம் போட்ட ஆங்கிலேய அறுவை மருத்துவர். 1950களின் இறுதியில் டெஃப்லானில் கிண்ணம் செய்து ஏறத்தாழ 300 பேருக்கு வைத்தார். வலி பறந்தது, எல்லாருக்கும் மகிழ்ச்சி. சில ஆண்டுகளிலேயே கிண்ணங்கள் தேய்ந்து, தேய்ந்த தூளைச் சுற்றி உடம்பு கட்டிகட்டியாக எதிர்வினை காட்டியது. பெரும்பாலோரை மறுபடி அறுத்துத் திருத்தவேண்டி வந்தது. அடுத்ததாகப் பாலிஎத்திலீன் வந்தபோது அதில் அவருக்கு முதலில் நம்பிக்கையே இல்லை. அவருடைய ஆய்வக உதவியாளர் ஹாரி கிரேவன்தான் அதை இயந்திரத்தில் ஓட்டிக் காட்டினார். அதன்பின் சார்ன்லி டெஃப்லான் தூளையும் பாலிஎத்திலீன் தூளையும் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டார். மாதங்கள் போயின. டெஃப்லான் போன இடம் கையில் தட்டுப்பட்டது, பாலிஎத்திலீன் போன இடம் தட்டுப்படவில்லை. 1962 நவம்பரில் புதிய கிண்ணத்தை முதல் நோயாளிக்கு வைத்தார். பிறகும் அவசரப்படவில்லை. இறந்தபிறகு மூட்டை எடுத்துப் பார்க்க அனுமதி தருவீர்களா என்று நோயாளிகளிடமே கேட்டார். தருவதாகப் பலர் சொன்னார்கள். அந்தப் பதிலை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ இளகிப்போகும்.

சார்ன்லி நேர்மையானவர். ஆனால் நேர்மை அந்த 300 பேரைக் காப்பாற்றவில்லை. சில பத்துப் பேரோடு நிறுத்தி, அளந்து, காத்திருந்திருந்தால் காப்பாற்றியிருக்கும். நான் சோதனை முறைகளை நம்பத் தொடங்கியது இதைப் படித்தபிறகுதான்.

‘புதியது நல்லது என்றால் எல்லாருக்கும் வைக்கட்டும்’ என்கிறீர்கள். நல்லது என்று தெரிந்தால் குலுக்கலே நடக்கக்கூடாது, அப்போது அது அநியாயம். தெரியாதபோதுதான் அதற்கு இடம். தெரிந்துவிட்டதாக நாம் நினைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஓர் உதாரணம். மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத்தில் கூடுதல் துடிப்புகள் வந்தால் சாவு நெருங்குகிறது என்று மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். அந்தத் துடிப்பை அடக்கும் மாத்திரைகள் இருந்தன, அவை துடிப்பை நன்றாகவே அடக்கின. அப்புறம் என்ன, உயிரைக் காக்கும் என்பதில் யாருக்குச் சந்தேகம்? 1980களின் இறுதியில் குலுக்கல் முறையில் சோதித்தபோது, என்கைனைடு, ஃப்ளெகைனைடு சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். பாவம், வெறும் மாத்திரை கிடைத்ததே என்று யாரை நினைத்திருப்போமோ அவர்களே பிழைத்தார்கள்.

அதற்காக உங்கள் பயத்தைத் தள்ளிவிடவில்லை. அதற்கு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சிஃபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்கள் 399 பேரை, பென்சிலின் வந்தபிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களிடம் உண்மை சொல்லப்படவில்லை. நிலைநாட்டப்பட்ட சிகிச்சையை மறைத்து ஒருவரை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது குற்றம். இன்றைய ஒப்புதல் தாளும் நெறிமுறைக் குழுவும் அந்த மாதிரிக் கொடுமைகளிலிருந்து பிறந்தவை. தாள் நீளமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். எந்த நேரத்திலும் விலகலாம் என்று தாளில் இருக்கும். மருந்தென்றால் விலகுவது மாத்திரையை நிறுத்துவது. மூட்டு அப்படியல்ல, ஆய்விலிருந்து அப்பா விலகினாலும் மூட்டு விலகாது. ஆகவே முதல் கேள்வி: இது பழுதானால் மறு அறுவை சிகிச்சையின் செலவையும் பொறுப்பையும் யார் ஏற்பது, அது எழுத்தில் இருக்கிறதா? அடுத்தது, எத்தனை ஆண்டு பின்தொடர்வார்கள்? அடைத்த இதய இரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் வலைக்குழாயான ஸ்டென்டில், கரைந்துபோகும் வகை ஒன்று வந்தது, நினைவிருக்கிறதா? பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனது, வேலை முடிந்ததும் இரத்தக்குழாயில் மறைந்துவிடும் என்ற அழகான யோசனை. ஓராண்டு முடிவுகள் ஏற்கத்தக்கவை என்று 2016இல் அமெரிக்கா அனுமதித்தது. மூன்று ஆண்டு முடிவுகளில் இரத்தக்கட்டு அதிகம் என்று தெரிந்து, 2017இல் விற்பனை நின்றது. மூட்டுக்கு இரண்டு ஆண்டு மணிகளால் அளப்பது நல்லது, அதன்பிறகு பத்து ஆண்டாவது யாராவது அழைத்துப் பார்க்கவேண்டும். இன்னொன்று, ஆய்வு தொடங்கும் முன்பே, ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேட்டில் அதைப் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பதிந்திருந்தால், முடிவு பிடிக்கவில்லை என்று சத்தமில்லாமல் அலமாரியில் வைத்துப் பூட்டுவது கடினம்.

நான் என்ன செய்வேன் என்று கேட்டீர்கள். இந்த மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் சேர்வேன். இரண்டு ஆண்டோடு கைகழுவுகிறார்கள் என்றாலோ, பழுதானால் யார் பொறுப்பு என்பதில் மழுப்பினாலோ, வழக்கமான மூட்டே போதும் என்று சொல்லிவிடுவேன்.

ஆனால் உங்கள் கடிதத்தை மறுபடி வாசித்தபோது ஒன்று உறுத்தியது. தாளை இரண்டு முறை வாசித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்பா வாசித்தாரா, என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. கையெழுத்து அவருடையது, இடுப்பும் அவருடையது. எழுத்து சின்னதாக இருந்தால் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். சேரமாட்டேன் என்று சொன்னாலும் அறுவை சிகிச்சை அதே கவனத்தோடு நடக்கும் என்ற வரி தாளில் எங்கோ இருக்கும், அதை முதலில் காட்டுங்கள். அவருக்கென்று கேள்விகள் இருக்கும், நாம் இருவரும் யோசிக்காத கேள்விகளாகக்கூட இருக்கலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவற்றை அவரே கேட்கட்டும்.

அன்புடன்.