மூன்றாம் நாள் சி.ஆர்.பி. 132: கிருமித்தொற்றா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. வலது நுரையீரலின் மேல் மடலில் புற்றுக்கட்டி. விலா இடுக்கில் துளைகள் போட்டு, கேமரா வழியாக அந்த மடலை அகற்றினார்கள். "சிறிய துளைதான், உடம்புக்குப் பாதிப்பே தெரியாது" என்றார்கள். ஆனால் மூன்றாம் நாள் லேசான காய்ச்சல், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு 132. ஐந்தாம் நாள் அது 70 ஆனது, காய்ச்சலும் இல்லை. ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆன்டிபயாடிக் எதுவும் எழுதித் தரவில்லை. உள்ளே கிருமித்தொற்று இருக்குமா? இந்த அழற்சியால் புற்றுநோய் திரும்ப வந்துவிடுமா?
- ஒரு வாசகி, மதுரை.

பதில்: "பாதிப்பே தெரியாது" என்று யார் சொல்லியிருந்தாலும் சொல்லியிருக்கக் கூடாது அம்மா. தோலில் நீங்கள் பார்ப்பது மூன்று நான்கு தையல்கள். உள்ளே நடந்திருப்பது பெரிய அறுவை சிகிச்சை. மடலுக்குப் போகும் தமனிக் கிளைகள், சிரை, மூச்சுக்குழல் கிளை ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து, ஸ்டேப்லரால் மூடித் துண்டிக்க வேண்டும். அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க வேண்டும். மார்பைத் திறந்து செய்தாலும் இதே வேலைதான். போதாததற்கு, அறுவையின் பெரும்பகுதி நேரம் வலது நுரையீரலைச் சுருங்க விட்டு, இடப்பக்கத்தால் மட்டுமே மூச்சு விட வைக்கிறோம். சுருங்கிய நுரையீரல் மறுபடி விரியும்போது அதுவே அழற்சியைத் தூண்டும்.

காயம்பட்ட திசுக்களிலிருந்து கிளம்பும் சமிக்ஞைகளால் நோய் எதிர்ப்புச் செல்கள் இன்டர்லூகின்-6 என்ற பொருளைச் சுரக்கின்றன. அது கல்லீரலை எட்டியதும் கல்லீரல் சி.ஆர்.பி. புரதத்தைத் தயாரிக்கிறது. காயத்தை உண்டாக்கியது கத்தியா, கிருமியா என்று கல்லீரலுக்குத் தெரியாது. அறுவைக்குப் பின் சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்தைத் தொடுவது சி.ஆர்.பி.யின் வழக்கம். அதன் பிறகு இறங்குகிறதா என்பதைத்தான் நாங்கள் கவனிப்போம். உங்கள் அப்பாவுக்கு 132 இரண்டே நாளில் 70 ஆகியிருக்கிறது, காய்ச்சலும் விட்டிருக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இது தொற்றுபோல் தெரியவில்லை. மூன்றாம் நாளுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போயிருந்தாலோ, இறங்கியது மீண்டும் ஏறியிருந்தாலோ, எக்ஸ்ரே எடுத்து, சளியைப் பரிசோதித்துத் தேடியிருப்பார்கள். ஆன்டிபயாடிக்கைக் கத்தி வைப்பதற்கு முன்பே ஊசியாகப் போட்டிருப்பார்கள். தொற்று இல்லாதவருக்கு அதை நாள்கணக்கில் நீட்டித்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகளைத்தான் வளர்ப்போம். எழுதித் தராத மருத்துவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்படியானால் துளைவழி செய்ததில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். லாபம் உண்டு. திறந்த முறையில் தசையை அறுத்து, விலா எலும்புகளை இரும்புக் கருவியால் அகட்டி வைப்பார்கள். விலா இடை நரம்புகள் நசுங்கும். பல மாதம் நீடிக்கும் வலிக்கு இதுவே முக்கியக் காரணம். துளைவழியில் இந்த அகட்டல் இல்லை. இரு முறைகளையும் ஒப்பிட்டு ஹாங்காங்கிலும் எடின்பரோவிலும் 2000-ஐ ஒட்டி நடந்த ஆய்வுகளில், துளைவழி செய்தவர்களின் ரத்தத்தில் இன்டர்லூகின்-6 குறைவாகவே ஏறியது. குறைவாக என்றுதான் சொல்கிறேன், ஏறாமல் இல்லை. நோயாளி உணரும் பலனைக் காட்டியது, பிரிட்டனில் 9 மருத்துவமனைகளில் 503 பேரிடம் நடந்த 'வயலட்' ஆய்வு. ஐந்தாவது வாரத்தில் துளைவழி செய்தவர்கள் அன்றாட நடமாட்டத்தில் முந்தியிருந்தார்கள். மருத்துவமனை வாசம் ஐந்து நாளிலிருந்து நான்காகக் குறைந்தது. ஒரே ஒரு நாளா என்று தோன்றும். நெஞ்சில் குழாயோடு படுத்திருப்பவருக்கு அது சின்ன விஷயமல்ல.

புற்று திரும்புமா என்ற கேள்விக்கு வருகிறேன். பெரிய அறுவைக்குப் பின் சில நாட்களுக்கு நோய் எதிர்ப்பாற்றல் தளர்வது உண்மை. அதனால் அழற்சி குறைந்தால் புற்றும் திரும்பாது என்று சிலர் கணக்குப் போட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது; நிரூபணமாகவில்லை. வயலட் ஆய்விலும் ஓராண்டு முடிவில் நோய் திரும்பியதில் இரு முறைகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாம் நாள் சி.ஆர்.பி.யை வைத்து அப்பாவின் எதிர்காலத்தைக் கணிக்க வேண்டாம்.

அழற்சியைத் தணிக்கிறேன் என்று மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த வயதில் சிறுநீரகமும் இரைப்பையும் அடிவாங்கும். மருத்துவர் தந்த வலி மாத்திரை போதும். ஆனால் அதை ஒழுங்காகக் கொடுங்கள். வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி தேங்கி, இப்போது இல்லாத நிமோனியா உண்மையிலேயே வந்துவிடும். மஞ்சள் பால் குடிக்கட்டும், தடையில்லை. மஞ்சள் சத்து மாத்திரை மட்டும் வேண்டாம், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவராக இருந்தால் ரத்தக்கசிவு வரலாம். மூன்று பந்துகள் உள்ள மூச்சுப்பயிற்சிக் கருவியை விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை உறிஞ்சச் சொல்லுங்கள். காலையும் மாலையும் நடக்க வையுங்கள்.

காய்ச்சல் மீண்டும் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலோ, குழாய் இருந்த இடத்தில் சீழ் கசிந்தாலோ அன்றே அறுவை செய்த மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத்திணறல் கூடினாலோ, இதயம் தாறுமாறாகப் படபடத்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ நேரம் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

அடுத்த சந்திப்புக்குப் போகும்போது திசுப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கட்டியின் அளவு, வெட்டிய ஓரங்களில் புற்றுச் செல்கள் உள்ளனவா, நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். மேற்கொண்டு கீமோவோ வேறு மருந்தோ தேவையா என்பது அதைப் பார்த்துத்தான் முடிவாகும்.