‘ரெயின் இஸ் கமிங்’ – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வேளச்சேரியில் வசிக்கிறேன். பெருங்குடியில் வேலை. எங்கள் வாடிக்கையாளர்கள் இங்கிலாந்துக்காரர்கள். செவ்வாய்தோறும் தொலைபேசியில் பேசுவோம். வேலைப் பேச்சுக்கு முன் வானிலையைத்தான் விசாரிப்பார்கள். சென்ற வாரம் இங்கே விடாத மழை. ‘ரெயின் இஸ் கமிங் ஃப்ரம் மார்னிங்’ என்றேன். எதிர்முனையில் இருந்தவர், ‘அப்படியா, எத்தனை மணிக்கு வரும்?’ என்று கேட்டார். அருகில் இருந்த இளைஞர்கள் சிரித்துவிட்டார்கள். நான் தமிழ்வழியில் படித்தவள். பெய்துகொண்டிருக்கும் மழையை ஆங்கிலத்தில் பிழையில்லாமல் சொல்வது எப்படி? இதையெல்லாமா கேட்பது என்று நினைக்காமல் பதில் எழுதுங்கள்.

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

இதைத்தான் கேட்க வேண்டும். தினமும் வாயில் வரும் வாக்கியத்தைச் சரியாகச் சொல்ல விரும்புவதைவிட நல்ல கேள்வி எனக்கு வருவதில்லை.

அந்த வெளிநாட்டுக்காரர் உங்களைக் கேலி செய்யவில்லை. நீங்கள் சொன்னதை அப்படியே புரிந்துகொண்டார். தமிழில் ‘மழை வருகிறது’ என்பதற்கு இரண்டு வேலை. மேற்கே கருத்து வரும்போது ‘மழை வருகிறது, மாடியில் துணியை எடு’ என்போம். கொட்டிக்கொண்டிருக்கும்போதும் ‘மழை வருகிறது, குடையை எடுத்துக்கொண்டு போ’ என்போம். ஆங்கிலத்தின் ‘கமிங்’ முதல் வேலையை மட்டும்தான் செய்யும். ஆகவே உங்கள் மழை அவருக்கு இன்னும் வழியில் இருந்தது.

தமிழில் வானத்து விஷயம் ஒவ்வொன்றுக்கும் தனி வினை உண்டு. மழை பெய்யும், தூறல் போடும், வெயில் அடிக்கும், காற்று வீசும், மின்னல் வெட்டும். பெய்வது மழைதான், அதனால் மழையே எழுவாய். ஆங்கிலத்தில் ‘ரெயின்’ என்பதே வினையாகிவிடுகிறது. பிறகு எழுவாய்க்கு எதைப் போடுவது? எதையும் குறிக்காத ஓர் ‘இட்’டைக் கொண்டுவந்து வைக்கிறார்கள்: ‘இட் இஸ் ரெயினிங்’. அந்த ‘இட்’ எது என்று தேடிப் பயனில்லை. வாக்கியத்தில் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இது நமக்கு அந்நியமும் இல்லை. ‘புழுங்குகிறது’, ‘குளிர்கிறது’, ‘இருட்டிவிட்டது’ என்கிறோமே, எது புழுங்குகிறது, எது இருட்டியது? தமிழ் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடும். ‘இருட்டுகிறது’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’ என்று அங்கும் அதே ‘இட்’டை வைக்க வேண்டும்.

உங்கள் வாக்கியத்தில் உண்மையான சிக்கல் ‘காலையிலிருந்து’ என்ற சொல்லில் இருக்கிறது. ‘காலையிலிருந்து மழை பெய்கிறது’, ‘மூன்று நாளாக மழை பெய்கிறது’ என்று நிகழ்காலத்தில் சொன்னாலே தமிழில் முழுமை. ‘நாளாக’ என்பதில் உள்ள ‘ஆக’ கழிந்த நேரத்தையும் சேர்த்துச் சுமந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சுமையை வினை ஏற்க வேண்டும். எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லத் தொடங்கிவிட்டால் ‘இஸ் ரெயினிங்’ போதாது, ‘ஹேஸ் பீன் ரெயினிங்’ வேண்டும். ‘இட் ஹேஸ் பீன் ரெயினிங் சின்ஸ் திஸ் மார்னிங்.’ ‘இட் ஹேஸ் பீன் ரெயினிங் ஃபார் த்ரீ டேஸ்.’ தொடங்கிய புள்ளிக்குச் ‘சின்ஸ்’, கழிந்த அளவுக்கு ‘ஃபார்’. ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர்கள்கூட ‘இட் இஸ் ரெயினிங் சின்ஸ் மார்னிங்’ என்று சொல்லக் கேட்கிறேன். உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள்.

பழைய மழையைச் சொல்லும்போது ‘ஹேஸ்’ என்பது ‘ஹேட்’ ஆகும். 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. டிசம்பர் முதல் தேதி வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது, வாரக்கணக்கில் பெய்திருந்தது. ‘இட் ஹேட் பீன் ரெயினிங் ஃபார் வீக்ஸ்.’ வேளச்சேரியில் இருக்கும் உங்களுக்கு இந்த உதாரணம் மறக்காது.

வெறும் ‘இட் ரெயின்ஸ்’ என்பது இந்த நேரத்து மழைக்கு ஆகாது, வழக்கமான மழைக்குத்தான். அதுவும் உங்களுக்கு உதவும். இந்தியாவில் பருவமழை என்றால் ஜூன் மாதம் என்றுதான் வெளிநாட்டவர் பலர் நினைத்திருப்பார்கள். நமக்குப் பெரும்பங்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வடகிழக்குப் பருவக்காற்றில்தான். ‘ஹியர் இட் ரெயின்ஸ் மோஸ்ட்லி ஃப்ரம் அக்டோபர் டு டிசம்பர்’ என்று சொல்லுங்கள், பேச்சு வளரும்.

எல்லா வானிலைக்கும் மழையைப் போல வினை கிடையாது. மழை, தூறல், பனிப்பொழிவு, இடி ஆகியவற்றுக்கு உண்டு: ‘ரெயினிங்’, ‘டிரிஸ்லிங்’, ‘ஸ்னோயிங்’, ‘தண்டரிங்’. வெயிலுக்கும் காற்றுக்கும் மூடுபனிக்கும் ‘இட் இஸ் சன்னி’, ‘விண்டி’, ‘ஃபாகி’ என்று பெயரடைதான். ‘சன் இஸ் ஹிட்டிங்’ என்றால் யாருக்கும் புரியாது. நம் புழுக்கத்துக்கு ‘இட் இஸ் ஹ்யூமிட்’. வேர்ப்பது மட்டும் ஆளைச் சேர்ந்தது. ‘எனக்கு வேர்க்கிறது’ என்பதை ‘ஐ ஆம் ஸ்வெட்டிங்’ என்றே சொல்ல வேண்டும்.

பனியிடம் கவனமாக இருங்கள். என் அக்கா மகன் நான்காம் வகுப்பில் படித்தபோது, மார்கழிக் காலையைப் பற்றி ‘ஸ்னோ இஸ் ஃபாலிங் இன் சென்னை’ என்று எழுதினான். ஆசிரியை சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டு ‘தவறு’ என்று மட்டும் எழுதியிருந்தார். அவன் பொய் எழுதவில்லை. விடியற்காலையில் அப்பாவின் ஸ்கூட்டர் இருக்கையில் படிந்திருந்த ஈரத்தைக் கையால் வழித்தபோது ‘பனி பெய்திருக்கிறது’ என்று பாட்டி சொன்னாள். நம் ‘பனி’ ஒரே சொல், அவர்களுக்கு அது ‘டியூ’, ‘மிஸ்ட்’, ‘ஃபாக்’, ‘ஸ்னோ’ என்று நாலாகப் பிரிகிறது. அதைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். கோடு மட்டும் போட்டதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

இன்னொன்று, சென்னையில் எல்லோரும் செய்வது: ‘டுடே கிளைமேட் இஸ் நைஸ்’. கிளைமேட் என்பது காலநிலை, பல்லாண்டுப் போக்கு. இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பது வானிலை, ‘வெதர்’. மையத்தின் பெயரே வானிலை ஆய்வு மையம் என்றுதானே இருக்கிறது. அவர்களின் ஆங்கில அறிக்கையைப் படித்துப் பழகுவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். அதில் ‘ஹெவி ரெயின்’ என்பது ஓர் அளவு, 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை. ‘ஹெவி ரெயின் அட் ஐசொலேட்டட் ப்ளேசஸ்’ என்று அறிக்கை எழுதும். பேச்சில் ‘இட் இஸ் ரெயினிங் ஹெவிலி’ அல்லது ‘இட் இஸ் போரிங்’ (pouring, கொட்டுகிறது) என்பதே இயல்பு.

தமிழ்வழியில் படித்ததைக் குறையாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் அன்று தமிழில் சரியாக நினைத்தீர்கள். நினைத்ததை வார்த்தைக்கு வார்த்தை மாற்றியதில்தான் பிசகு.

வரும் செவ்வாய்க்கு இரண்டு வாக்கியங்களைக் கையில் வைத்திருங்கள். விடாமல் பெய்தால், ‘இட் இஸ் ஸ்டில் ரெயினிங்’. விட்டிருந்தால், ‘இட் ஹேஸ் ஸ்டாப்ட் ரெயினிங்’. மழை ‘விட்டது’ என்பதற்காக அங்கே ‘லெஃப்ட்’ போட்டுவிடாதீர்கள்.