கல்ச்சர் நெகட்டிவ் என்றால் பங்கசு இல்லையென்று அர்த்தமில்லை

தம்பி, மீன் சந்தையில் நாள் முழுக்க ஈரக்காலோடு வேலை, பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்துவிட்டது, மாதக்கணக்காகக் கிரீம் பூசியும் மாறவில்லை, இப்போது நகத்துண்டில் பங்கசு வளர்கிறதா என்று ஆய்வுகூடத்தில் பார்க்கும் கல்ச்சரும் நெகட்டிவ் என்று எழுதியிருந்தீர்கள். கிரீம் பூசிக்கொண்டே நகத்தைக் கொடுத்ததுதான் எனக்கு இடிக்கிறது. மருந்து பட்ட நகத்தில் பங்கசு இருந்தாலும் கல்ச்சரில் வளராமல் போகலாம்.

டொக்டரிடம் கேட்டு, கிரீமைக் குறைந்தது 2 வாரம் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுங்கள். எங்கே வெட்டுகிறார்கள் என்பது மிக முக்கியம். நுனியை மட்டும் வெட்டினால் பெரும்பாலும் செத்த பங்கசுதான் கிடைக்கும். ஸ்பிரிட்டால் துடைத்து, கெட்ட நகத்தை முடிந்தவரை பின்னுக்கு, நல்ல நகம் தொடங்கும் எல்லைவரை வெட்டி, அடியில் மாப்போல இருக்கும் தூளையும் சுரண்டி எடுக்க வேண்டும். நிறையவே எடுக்கச் சொல்லுங்கள். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு அனுப்பினாலும் பயமில்லை, காய்ந்த கடதாசியில் மடித்து வைத்தால் கெடாது.

அப்புறம், பொட்டாசியம் ஐதரொட்சைட்டு போட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தார்களா? அதில் பங்கசு இழை தெரிந்தால் கல்ச்சர் வளராவிட்டாலும் நெகட்டிவ் என்று விடக்கூடாது. எந்தப் பங்கசு என்று சொல்லத்தான் கல்ச்சர், அதற்கு 4 வாரம்வரை போகும்.

இரண்டாம் முறையும் ஒன்றும் இல்லையென்றால் சொரியாசிஸ் என்ற தோல் நோய், சப்பாத்து அழுத்தம் இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள், இப்படிக் கெட்டுப்போகும் நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பங்கசு. அதுவரை யார் சொன்னாலும் பங்கசைக் கொல்லும் டெர்பினபின் குளிசையைத் தொடங்க வேண்டாம். கால் நகத்துக்கு 12 வாரம் குடிக்க வேண்டிய மருந்து, ஈரலையும் பாதிக்கலாம்.