அப்பாவை ராக் கச்சேரிக்கு அழைத்துப் போகலாமா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்கு 67 வயது. கல்லூரி நாட்களில் அவர் கேசட் தேயத் தேயக் கேட்ட ராக் பாடகர், தன் குழுவோடு பெங்களூருக்கு வருகிறார். பாடகருக்கும் ஏறக்குறைய அப்பா வயதுதான். கூட்டமும் சத்தமும் அப்பாவுக்குத் தாங்குமா? எந்த டிக்கெட் வாங்குவது? குரல் போயிருந்தால் அப்பா மனசு உடைந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது."

அழைத்துப் போங்கள். பல வருடம் மேடைகளுக்கு ஒலி அமைத்தவன் என்ற முறையில் தயங்காமல் சொல்கிறேன். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், உங்களை அதிகம் உறுத்துவது அதுதான் என்று தோன்றுகிறது.

குரல் பழையபடி இருக்காது. வயதானால் குரல் நாண்களின் தசை மெலிந்து விறைப்பாகும், மூச்சும் முன்போல நிற்காது. முதலில் அடிபடுவது மேல் ஸ்தாயி. ராக் பாட்டில் பல்லவி பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். 25 வயதில் பதிவு செய்த உச்சத்தை 65 வயதில் வாரத்துக்கு மூன்று ஊரில் தொடுவது யாருக்குமே கடினம். அதனால் பல குழுக்கள் கிதாரையே தளர்த்தி, பாட்டை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ கீழே இறக்கிவிடுகின்றன. திருவையாறு ஆராதனைக்கு வருடந்தோறும் போகிற ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. நம் வித்வான்கள் வயதாக ஆகச் சுருதியை இறக்கிக்கொள்வார்கள், யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. அரைக் கட்டை இறங்கிய கிதாருக்கு ஒரு கனம் கூடும், அதுவும் ஓர் அழகு.

குழுவும் பாடகரைத் தாங்கிப் பிடிக்கும். உச்சமான வரியைக் கூட்டத்திடம் விட்டுவிடுவார், பின்பாட்டுக்காரர் ஒருவர் மேல் ஸ்வரத்தை எடுத்துக்கொள்வார். நடுவில் கிதாரோ டிரம்ஸோ தனியாக நீளும். நம் தனி ஆவர்த்தனம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் பாடகரின் தொண்டைக்கு ஓய்வு கிடைக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 2003-இல் பெங்களூரில் வாசித்தபோது மிக் ஜாகருக்கு 59 வயது, அதற்குப் பிறகும் இருபது வருடத்துக்கு மேல் மேடையேறிக்கொண்டிருக்கிறார். ஆகவே அப்பாவுக்குப் பழைய ஆல்பத்தை மட்டும் போட்டுக் காட்டாதீர்கள். இந்தச் சுற்றுப்பயணத்தில் வேறு ஊர்களில் எடுத்த வீடியோக்கள் யூடியூபில் இருக்கும், இரண்டு மூன்றை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலான குழுக்கள் ஊருக்கு ஊர் ஏறக்குறைய அதே பாட்டு வரிசையைத்தான் வைத்துக்கொள்ளும். இப்போதைய குரல் ஒரு வாரம் முன்பே காதுக்குப் பழகிவிட்டால், அன்றைக்கு அவர் அதைப் பழைய குரலோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

இனி டிக்கெட். மேடைக்கு ஒட்டி நிற்கும் இடம்தான் விலை அதிகம், ஆனால் கேட்பதற்கு அது நல்ல இடமில்லை. சாமி புறப்பாட்டில் தவிலை ஒட்டி நடப்பவருக்கு நாயனம் சரியாகக் கேட்காது, கொஞ்சம் தள்ளி நிற்பவருக்குத்தான் மல்லாரி முழுதாக வந்து சேரும். ராக் மேடையும் அப்படித்தான். மேடைக்கு எதிரே, மைதானத்தின் நடுவில், ஒரு கூடாரத்துக்குள் ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் கருவி இருக்கும். ஒலிப் பொறியாளர் அங்கே நின்றுதான் ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் அளவு பார்க்கிறார். அவர் காதுக்குச் சரியாக இருப்பது அதைச் சுற்றி நிற்பவர்களுக்கும் சரியாக இருக்கும். அந்தக் கூடாரத்தை ஒட்டிய பகுதிக்கு, முடிந்தால் நாற்காலியோடு, டிக்கெட் பாருங்கள். நிற்கும் டிக்கெட் மட்டும்தான் என்றால் அதன் தடுப்புக் கம்பியோரம் நல்ல இடம்: சாய்ந்துகொள்ளலாம், பின்னாலிருந்து யாரும் தள்ள மாட்டார்கள். மிகவும் பின்னால் போகவும் வேண்டாம். ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். 150 மீட்டர் தள்ளி நின்றால், திரையில் பாடகர் வாயசைத்துக் கிட்டத்தட்ட அரை நொடி கழித்தே பாட்டு காதுக்கு வரும். கூடுதல் ஸ்பீக்கர் வைத்திருந்தாலும் அந்தத் தாமதம் முழுதாகப் போகாது.

சத்தத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் கேட்கலாம் என்பது வேலையிடங்களுக்கான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வரும்போது 15 நிமிடம்தான் மிச்சம், கச்சேரியோ இரண்டு மணி நேரம். இளவயதில் ஒருமுறை ஸ்பீக்கர் அடுக்கின் பக்கத்திலேயே நின்றுவிட்டு, இரண்டு நாள் காதில் 'ஙொய்' என்ற ஒலியோடு அலைந்திருக்கிறேன். மருந்துக் கடையில் நுரையால் ஆன இயர்பிளக் கிடைக்கும், உங்கள் இருவருக்கும் வாங்குங்கள். வெறும் பஞ்சு போதாது. விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதை மேலே இழுத்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். வீட்டிலேயே ஒருமுறை பழகிவிடுங்கள். பாட்டு கேட்காமல் போகாது, கூச்சல் அடங்கி வார்த்தை சில சமயம் இன்னும் தெளிவாகவே கேட்கும். பேஸ் என்னும் கனத்த கீழ் ஒலி நெஞ்சில் இடிப்பதுபோல இருக்கும், அதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இதய நோய்க்கு மருந்து சாப்பிடுபவர் என்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு எடுத்துப் போங்கள், நுழைவாயிலில் பையைச் சோதிப்பார்கள். தண்ணீர் பாட்டிலை அநேகமாக உள்ளே விட மாட்டார்கள்.

பயணம் எளிதுதான். மைசூரு எக்ஸ்பிரஸில் மாலை கும்பகோணத்தில் ஏறினால் விடியற்காலை பெங்களூர். திரும்பும் வண்டிதான் சிக்கல், அது மாலையிலேயே பெங்களூரை விட்டுவிடும். கச்சேரி நாளன்று பிடிக்கவே முடியாது. அன்றிரவு அங்கே தங்கி, மறுநாள் மாலை வண்டிக்கு முன்பதிவு செய்யுங்கள். அப்பாவுக்குக் கீழ் படுக்கை கேட்டு வாங்குங்கள். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கப் பொதுவாக அனுமதி இல்லை, அதனால் இங்கே கச்சேரிகள் சீக்கிரமே தொடங்கிவிடும். மாலை 5 மணிக்காவது உள்ளே போய் உட்கார்ந்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. கடைசிப் பாட்டு முடிந்ததுபோல எல்லோரும் கும்பிட்டுவிட்டு உள்ளே போவார்கள், மேடை இருட்டாகும். கூட்டத்தில் சிக்காமல் வெளியேறலாம் என்று அப்போது அப்பாவைக் கிளப்பிவிடாதீர்கள். சில நிமிடத்தில் திரும்பி வந்து இன்னும் இரண்டு மூன்று பாட்டுப் பாடுவது இவர்கள் வழக்கம். அப்பா கேசட்டைத் தேய்த்த அந்தப் பாட்டை அநேகமாக அதற்காகத்தான் வைத்திருப்பார்கள். மைதான விளக்குகள் முழுதாக எரியும்வரை இருங்கள்.