அயல்நாட்டு உயிரினங்களை வீட்டில் வளர்க்கலாமா? கேள்வி பதில்

ராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் அளித்த பதில்கள்.

தேவிபட்டினம்: ஐயா, இகுவானா எனும் பெரிய பல்லி, மலைப்பாம்பு போன்றவற்றை வளர்ப்பதை அரசு முழுமையாகத் தடை செய்துவிட்டால் என்ன?

முழுத் தடையை நான் ஆதரிக்கவில்லை. பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்துவரும் லவ் பேர்ட்ஸையும், மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பையும் ஒரே தொழுவத்தில் கட்ட முடியாது. ஆனால் இப்போதுள்ள முறையில் வனவுயிர்ச் சட்டத்தின் அட்டவணையில் பெயர் ஏறிய உயிரினத்துக்கே கட்டுப்பாடு என்பதால், ஒன்றின் பெயர் ஏறுவதற்குள் வியாபாரம் அடுத்ததற்குத் தாவிவிடுகிறது. பாலூட்டிகளுக்குப் பெல்ஜியம் செய்ததைப் போல, வளர்க்கத் தக்கவை இவை மட்டுமே என்று சிறு பட்டியலை வெளியிட்டு, மற்றவற்றை விலக்கிவிடுவதே சரி என்பது என் கருத்து.

மண்டபம்: பத்து ரூபாய் நாணய அளவில் வாங்கிய சிவப்புக் காது ஆமை இப்போது சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்துவிட்டது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று மாமியார் வேறு சொல்கிறார்கள். ஊருணியில் விட்டுவிடலாமா டாக்டர்?

மாமியாரின் பழமொழிக்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் ஊருணியில் மட்டும் விட்டுவிடாதீர்கள், அம்மா. அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதியைச் சேர்ந்த இந்த ஆமை, உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. முப்பது ஆண்டுகள்கூட வாழக்கூடிய அது, நம் காராமைக்கும் பாலாமைக்கும் உரிய இரையையும், வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். விறகுக்கு ஆகும் என்று வந்த சீமைக் கருவேலம் நம் கண்மாய்களை என்ன செய்தது என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பக்கமே, வருமானத்துக்காக வளர்க்கப்பட்ட கப்பாபைகஸ், அதாவது நம் பெண்கள் பெப்சி பாசி என்று சொல்லும் பாசி, குருசடைத் தீவின் பவளப் பாறைகள் மேல் படர்ந்ததையும் பார்த்தோம். இவற்றைக் கொண்டுவந்த எவரும் கெடுதல் நினைத்துக் கொண்டுவரவில்லை. பெரிய தொட்டி வைத்துப் பராமரிக்க முடியாவிட்டால், வனத்துறையினரிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில் ஒப்படையுங்கள்.

தொண்டி: நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்தால் குற்றம், வெளிநாட்டுக் கிளிக்கு அனுமதி. இது என்ன நியாயம்?

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நம் காட்டுயிர்களைக் காக்க எழுந்தது. அயல்நாட்டு உயிரினங்களுக்கு அதில் தனி அட்டவணை சேர்ந்ததே 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். பச்சைக்கிளிக்கான தடை சரியானதே. குறை மறுபக்கத்தில் இருக்கிறது.

கீழக்கரை: துபாயிலிருந்து திரும்பும் என் மகன், அங்கு வளர்த்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியைக் கொண்டுவர விரும்புகிறார். முடியுமா?

பெட்டியோடு பெட்டியாகக் கொண்டுவர முடியாது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) உடன்படிக்கையின் முதல் பின்னிணைப்பில் அந்தக் கிளி 2017 முதல் இருப்பதால், புறப்படும் நாட்டின் ஏற்றுமதி அனுமதியும் நம் நாட்டின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். தனிமைப்படுத்திச் சோதிக்கும் நடைமுறையும் உண்டு. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றை உங்கள் மகனிடம் கேளுங்கள். நல்ல பராமரிப்பில் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழும் அந்தப் பறவையை, அவர் மீண்டும் வேலைக்குக் கப்பலோ விமானமோ ஏறினால் யார் பார்த்துக்கொள்வார்கள்? துணையில்லாத சாம்பல் கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும்.

பாம்பன்: காகிதம் எதுவும் இல்லாமல் ஓர் இகுவானா வாங்கிவிட்டேன். இப்போது என்ன செய்வது அண்ணே?

திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, பட்டியலிட்ட உயிரினங்களை வைத்திருப்போர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தந்த ஆறு மாத அவகாசம் முடிந்துவிட்டதால், மறைத்து வைக்காமல், வாங்கிய விவரத்தோடு வனத்துறை அலுவலகத்துக்கு நீங்களே செல்லுங்கள், தம்பி. அதுவரை, புற ஊதா விளக்கில்லாமல் அறைக்குள் அடைத்து வைத்தால் அதன் எலும்பு மெலிந்து வளையும் என்பதை நினைவில் வையுங்கள். அதைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள். பார்வைக்கு நலமாக உள்ள இகுவானாவின் குடலிலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும்.