கழுத்தை விரித்தால் உறை ஏன் பிளக்கிறது?

கேள்வி: .30-06 அளவுத் துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை உறைகளில் கழுத்தை (குண்டைப் பிடிக்கும் முனையை) விரித்து .35 வீலன் என்ற தோட்டா அளவுக்கு மாற்றுகிறேன். சில கழுத்துகள் நீளவாக்கில் பிளக்கின்றன. சிலவற்றில் தோள் (கழுத்துக்குக் கீழே உள்ள சரிவு) நசுங்குகிறது. "அனீல் செய்து (சூடேற்றி இளக்கி) மாற்றிய உறை" என்று ஒருவர் விற்கிறார். அதை வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் இரண்டு கோளாறுகளையும் உங்கள் பிரஸ்ஸிலேயே (உறையை அழுத்தி வடிவமாக்கும் கருவியிலேயே) சரிசெய்யலாம். அவர் விற்பதில் கோளாறு இருந்தால் யாராலும் சரிசெய்ய முடியாது.

முதலில் பிளவு. .308 அங்குலத்திலிருந்து .358-க்குப் போவது பெரிய தாவல். பலமுறை சுட்ட பித்தளை இறுகிப்போயிருக்கும். இழுத்தால் நீளாது, கிழியும். அடியில் உள்ள ப்ரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை) கழற்றிவிட்டு, கழுத்தையும் தோளையும் மட்டும் சூடேற்றி இளக்குங்கள். வெப்பநிலை காட்டும் பூச்சைக் கழுத்துக்குள் தடவி, 400 டிகிரி செல்சியஸ் வந்ததும் சுடரை விலக்குங்கள். அடிப்பாகம் சூடாகவே கூடாது.

அடுத்தது தோள். முனை தட்டையான எக்ஸ்பாண்டர் (கழுத்துக்குள் செலுத்தும் விரிப்பான்) கழுத்தை விரிப்பதற்கு முன் தோளை அழுத்தும். சரிவான முனை உள்ளதை வாங்குங்கள். கழுத்தின் உட்புறம் மெழுகை மெல்லியதாகப் பூசுங்கள்; கட்டியாகப் பூசினால் அதுவே தோளில் குழி விழவைக்கும். பாதி வரை ஏற்றி, வெளியே எடுத்து, உறையை மூன்றில் ஒரு பங்கு திருப்பி, மறுபடி ஏற்றுங்கள். .338-இல் ஒருமுறை நிறுத்திப் பின் .358-க்குப் போனால் இன்னும் நல்லது. கழுத்துச் சுவரின் தடிப்பில் .002 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த உறையை ஒதுக்கிவிடுங்கள். மெல்லிய பக்கம் அதிகமாக நீண்டு கழுத்து கோணலாகிவிடும், குண்டும் சாய்ந்தே உட்காரும். உறையின் நீளம் சற்றுக் குறைவதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

விரித்தபின் பழைய தோளின் ஒரு பகுதி புதுக் கழுத்தின் அடியாகிவிடும். அங்கே பித்தளை தடிப்பாக இருப்பதால் உள்ளே வளையம்போல் ஒரு மேடு நிற்கும். சுட்ட உறைக்குள் .358 குண்டு ஒன்றைக் கையால் போட்டுப் பாருங்கள். தடையில்லாமல் உள்ளே விழ வேண்டும். தோள் தொடங்கும் இடத்தில் முட்டி நின்றால் ரீமர் (உட்புறத்தைச் செதுக்கும் வெட்டுக்கருவி) போட்டுச் சீவுங்கள்; அல்லது குண்டை அவ்வளவு ஆழம் இறக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும். .35 வீலன் 1922-இல் பிறந்தது; பெரிய நிறுவனம் ஒன்று அதைத் தன் அளவாக ஏற்க அறுபது ஆண்டுகளுக்கு மேலானது. அதுவரை ஒவ்வொரு துப்பாக்கிக் கம்மியரும் தன் ரீமரால் சேம்பர் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) வெட்டினார். உங்களுடையது பழைய துப்பாக்கி என்றால் சேம்பர் நீளமாக இருக்கலாம். அதில் சாதாரணமாக விரித்த உறை முன்னும் பின்னும் ஆடும். சுடும்போது நீண்டு, அடிக்குச் சற்று மேலே உள்சுவரில் வளையமாக மெலியும், பிறகு அங்கேயே அறுந்துபோகும். அதற்கு, கழுத்தை முதலில் .375-க்கு விரித்துவிட்டு, .35 டையை (உறையை அளவாக்கும் அச்சை) எட்டில் ஒரு சுற்று வீதம் இறக்கிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு முறையும் காலி உறையைச் சேம்பரில் வைத்துப் பாருங்கள். போல்ட் (சேம்பரை மூடும் பூட்டு) இலேசான எதிர்ப்போடு மூடும் இடத்தில் டையைப் பூட்டிவிடுங்கள். உறையைப் பிடிப்பது அந்தப் புதுத் தோள்தான்.

இனி அந்த விற்பனையாளர். உறைத் தயாரிப்பாளர்கள் இந்த அளவுகளை எப்போதோ ஒருமுறைதான் செய்கிறார்கள். கிடைக்காதபோது வாடிக்கையாளர் இடைத்தரகரிடம் போகிறார். தரகர் அவசரத்தில் சுடரை அடிவரை ஓட்டிவிட்டு, பளபளக்கத் தேய்த்து, சூடேற்றியதால் வந்த நீலக்கறையை மறைத்துவிடவும் கூடும். அடி இளகிய உறை அழுத்தத்தில் விரிந்து, ப்ரைமர் குழி தளர்ந்து, வாயு உங்கள் முகத்தை நோக்கி வரும். பித்தளை மறுபடி இறுக வேண்டுமானால் குளிர்நிலையில் அடித்து உருவாக்க வேண்டும். முடிந்த உறையில் அது நடக்காது. யாரிடம் வாங்கினாலும் தேய்க்காத உறையைக் கேளுங்கள். கறை தோளுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். தேய்க்காததைத் தர மறுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய உறையின் அடியில் ".30-06" முத்திரை அப்படியே இருக்கும். அசல் .30-06 தோட்டா வீலன் சேம்பரில் தடையின்றி நுழையும். குண்டு குழலைப் பிடிக்காது, கழுத்து பிளக்கும். எனவே மாற்றிய உறைகளுக்குத் தனிப் பெட்டி வையுங்கள்; ஒவ்வொன்றின் அடியிலும் அழியாத மையால் "35" என்று எழுதுங்கள். வெடிமருந்தின் அளவை .30-06 பட்டியலிலிருந்து எடுக்காமல், .35 வீலனுக்கு அச்சிட்ட கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள்.