அக்கிலிஸ் நான்கு, அயாக்ஸ் மூன்று

அன்புள்ள ஆசிரியருக்கு,
மகளுக்குப் பள்ளியில் கிரேக்க நாகரிகம் பற்றி புராஜெக்ட். டிராய் போர் வீரர்கள் அக்கிலிஸும் அயாக்ஸும் செஸ் ஆடும் பானைப் படம் ஒன்று கிடைத்தது. செஸ்ஸைக் கண்டுபிடித்தது கிரேக்கர்களா? நீங்கள் பழைய விளையாட்டுகள் பற்றி எழுதியிருந்ததால் கேட்கிறேன்.
ர.

அன்புள்ள ர.,
அது செஸ் இல்லை. கிரேக்க ஓவியர் எக்சீக்கியாஸ் அந்தப் பானையில் வரைந்தது கி.மு. 540-530 வாக்கில். சதுரங்கம் இந்தியாவில் தலைகாட்ட அதற்கப்புறம் ஆயிரம் வருடம் ஆயிற்று. பலகையும் காயும் கண்ணில் பட்டால் உடனே செஸ் என்றுவிடுகிறோம். படத்தையாவது நிதானமாகப் பார்த்தீர்களா? அயாக்ஸின் தலைக்கவசம் பின்னால் கேடயத்தின் மேல் இருக்கிறது. அக்கிலிஸ் கழற்றவே இல்லை. ஆட்டத்திலும் ஈட்டியை விடவில்லை, இருவருமே. அவர்கள் வாயருகே எழுதியிருப்பது 'நான்கு', 'மூன்று'. செஸ்ஸில் யாரம்மா எண் சொல்கிறார்கள்?

இந்தக் காய், பகடை ஆட்டங்களை யார் கண்டுபிடித்தது என்பதை விடுங்கள். கிரேக்கர்கள் தங்கள் புராண வீரன் பலமிடீஸ் என்பார்கள். பிளேட்டோவின் சாக்ரடீஸ், எகிப்தின் தேயுத் கடவுள் என்கிறார். எனக்குப் பிடித்தது கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும், இன்றைய துருக்கியில் இருந்த லிடியாக்காரர்களின் கதை. கடும் பஞ்சம். பகடை, எலும்புக்காய், பந்து எல்லாம் அப்போது பிறந்தவையாம். காய் நகர்த்தும் பெஸ்ஸோயை மட்டும் அவர்கள் சொந்தம் கொண்டாடவில்லை. ஒருநாள் முழுக்க ஆட்டம், சாப்பாட்டு நினைப்பே வராமல். மறுநாள் ஆட்டம் இல்லை, சாப்பாடு. இப்படிப் பதினெட்டு வருடம்.

இதை நம்பாதவர்கள் உண்டு. நான் நம்புவேன். மழை பொய்த்த ஒரு வருடம், அப்பாவும் சித்தப்பாவும் மதியம் முழுக்கத் திண்ணையில் தாயம் உருட்டிக்கொண்டிருப்பார்கள். அம்மா யாரையும் சாப்பிடக் கூப்பிட மாட்டாள். சித்தப்பா கட்டையை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் உரசுவார். அந்தச் சத்தம் நின்றால் எனக்குப் பசிக்கும்.

லிடியாவில் பஞ்சம் தீரவில்லை. அரசன் மக்களை இரண்டாகப் பிரித்து, யார் இருப்பது, யார் நாட்டை விட்டுப் போவது என்று சீட்டுப் போட்டான். போகவேண்டியவர்கள் அரசனின் மகன் திர்ரினஸ் தலைமையில் ஸ்மிர்னா என்ற கடலோர ஊரில் கப்பல் கட்டிக் கிளம்பினார்கள். எங்கள் வீட்டில் சீட்டெல்லாம் போடவில்லை. சித்தப்பா இளையவர், அவர் போனார்.

உங்கள் கேள்வியை மறந்தே போனேன். மகளிடம் செஸ்ஸை அடித்துவிட்டு, அக்கிலிஸ் நான்கு, அயாக்ஸ் மூன்று என்று எழுதச் சொல்லுங்கள். படத்தை அவளே வரையட்டும், ஒட்ட வேண்டாம்.